குருவம்மா தூங்கினால் ஓடும் மீட்டர்

கரண்டு பில் ஆயிரத்து நூற்றி எண்பது யூனிட் என்று வந்த அந்தப் பங்குனி மாதத்தில், ராஜபாளையத்துக்குக் கிழக்கே மில்லுக்குப் போகிற ரோட்டை ஒட்டி இருந்த அழகிரி லைன்வீட்டில் ஐந்து குடும்பங்கள் இருந்தன, ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருந்தது, அந்த மீட்டருக்கு ஒரு வெள்ளை அட்டை இருந்தது, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில்லை ஐந்து வீட்டுக்கும் சரிசமமாகப் பிரித்து வசூல் பண்ணிக் கட்டுகிற பொறுப்பு முதல் வீட்டுச் சந்தனமாரியிடம் இருந்தது. அவள் பத்தாவது பாஸ். அந்த லைனில் வேறு யாரும் அத்தனை தூரம் படித்ததில்லை, ஆகையால் கழித்தல் கணக்கு எது வந்தாலும் அவளிடம்தான் வரும், அவள் சொல்வதுதான் மிச்சம்.

வழக்கமாக நானூற்று அறுபது யூனிட்தான் வரும். எழுநூற்று இருபது யூனிட் எங்கிருந்து முளைத்தது என்று ஐந்து வீடும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றபோது, சந்தனமாரி மட்டும் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நின்றாள். அவள் வீட்டுப் பின்னறையில், பழைய சேலை போர்த்தி, ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து தை மாதம் சல்லிசாக வாங்கியது, மூடியின் ரப்பர் பாதி பிய்ந்துபோனது, மூடினாலும் சரியாக மூடாதது, மூடாததால் குளிர் வெளியே போய்க்கொண்டே இருப்பது, குளிர் போவதால் மோட்டார் ராவும் பகலும் ஓயாமல் உறுமுவது. அந்தப் பெட்டியில்தான் அவள் இட்லி மாவு வைத்து விற்றாள். அந்த மாவில்தான் அவள் மகள் மதுரையில் நர்சிங் படித்தாள், ஏனென்றால் லாரி ஓட்டக் கேரளாவுக்குப் போகும் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்ததெல்லாம் அழுக்குத் துணி மட்டும்தான். பெட்டி இருப்பது லைனுக்குத் தெரியும். அது நிற்பதே இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒயர்மேன் ராசுவைக் கூப்பிட்டார்கள். அவன் மீட்டர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய சக்கர மீட்டரின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னான்.

"அஞ்சு வீட்டு மெயினையும் எறக்குங்க. எறக்குன பெறகும் சக்கரம் சுத்துச்சுன்னா எங்கயோ லீக்கு. நின்னுருச்சுன்னா ஒவ்வொரு வீடா ஏத்திப் பாப்போம். யாரு வீட்ட ஏத்தும்போது பறக்குதோ அவுகதான் ஆளு."

சந்தனமாரி தன் வீட்டு மெயினை முதலில் இறக்கினாள். பின்னறையில் பெட்டி ஒரு கனைப்புக் கனைத்து ஓய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதைத் திரும்ப ஏற்றுவார்கள், சக்கரம் பறக்கும், நாலு வீட்டுக்காரர்களும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பெட்டி போகும், மாவு போகும், மகள் வீட்டுக்கு வந்து சேருவாள் என்று அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாக நடந்து முடிந்துகொண்டிருந்தது. இருக்கன்குடி மாரிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டாள். நேர்ந்து முடிக்கவில்லை, ராசு "அட" என்றான்.

ஐந்து மெயினும் இறங்கியிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

மெதுவாகத்தான் சுற்றியது. பெட்டி ஓடும்போது அந்தச் சக்கரம் எப்படிப் பறக்கும் என்பதை எத்தனையோ தடவை யாரும் இல்லாத நேரம் பார்த்து நின்று வயிறு எரிந்தவள் அவள், அதனால் இந்த நடை வேறு என்று கண்டதுமே தெரிந்தது, இது கர்ப்பிணி நடப்பது மாதிரி நிதானமாக வந்தது. ஆனால் ராசு ஓடுகிறதா இல்லையா என்றுதான் கேட்டான், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்கவில்லை, கேட்காததை எடுத்துச் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து. அவள் வாயை மூடிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

ராசு ஒயரைத் தொட்டான், சுவரைத் தொட்டான், எர்த்து கம்பியைக் கிளப்பிப் பார்த்தான். எதுவும் இல்லை. மூன்றாம் வீடு மட்டும் சாத்தியிருந்தது, மெயின் வெளியே இருந்ததால் உள்ளே யாரையும் எழுப்பாமல் இறக்கியிருந்தார்கள். அங்கே குருவம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மில்லில் நூல் மெஷினில் சைடு பார்க்கிற வேலை, ரெண்டு வருஷமாக ஃபுல் நைட், காலையில் வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பாள். ராசு கதவைத் தட்டினான். உள்ளே பாய் சரசரத்தது.

"நின்னுருச்சு!" என்று மீட்டர் பக்கத்திலிருந்து நாலாம் வீட்டுச் செல்லக்கனி கத்தினாள்.

குருவம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். இருபத்தாறு இருபத்தேழு வயசு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, போய்ப் படு என்றார்கள். போய்ப் படுத்தாள். இரவெல்லாம் நின்ற கால் அல்லவா, தலை சாய்ந்த உடனே தூங்கிப்போனாள். சக்கரத்தின் சிவப்புப் புள்ளி அசைந்து, நகர்ந்து, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. எழுப்பினார்கள், நின்றது. படுக்கச் சொன்னார்கள், ஓடியது. ஏழு தடவை எழுப்பி ஏழு தடவை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு ராசு முக்காலியை மடக்கினான்.

"லீக்கு ஒயர்ல இல்ல. இந்தப் பிள்ள தூங்குனா கரண்டு இழுக்குது. இதுக்கு எங்கிட்ட டேப்பு கெடயாது" என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

லைனில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. சிலர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள், சிலர் எழுந்து நடக்கிறார்கள், ரெண்டாம் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லுவார், அதுபோல இவள் கரண்டு இழுக்கிறாள், அவ்வளவுதான். எப்போதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

எவ்வளவு என்பது சந்தனமாரியின் வேலை. அவள் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பென்சிலை நூலில் கட்டி, மீட்டர் பெட்டியின் ஆணியில் மாட்டினாள். மறுநாள் குருவம்மா படுத்ததும் நாலு வீட்டு மெயினோடு அவள் வீட்டு மெயினையும் இறக்கிவிட்டு, மீட்டரின் கடைசி மூன்று எண்ணைக் குறித்துக்கொண்டாள். அந்த மூன்றில் ஓரத்தில் இருப்பது சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. சுவரில் மாட்டுகிற தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை சிவப்பு, தீபாவளி சிவப்பு, பொங்கல் சிவப்பு, முக்கியமானது எதுவோ அதுதான் சிவப்பு என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள், ஆகவே அந்தச் சிவப்பு எண்ணை மற்ற ரெண்டையும்விடக் கவனமாகக் குறித்தாள். சாயந்திரம் குருவம்மா எழுந்ததும் மறுபடி பார்த்துக் கழித்தாள். பன்னிரண்டு வந்தது.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, அறுபது நாளைக்கு எழுநூற்று இருபது. ஆயிரத்து நூற்றி எண்பதில் நானூற்று அறுபது போனாலும் அதே எழுநூற்று இருபது. ஒரு யூனிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்தனமாரி அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தாள், மூன்று தடவையும் அவள் பெட்டி குற்றமற்றது என்று வந்தது. அவள் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில்தான்.

வேப்பமரத்தடியில் பேசினார்கள். குருவம்மாவையும் அவள் புருஷன் முனீசையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நல்ல வார்த்தையாகத்தான் பேசினார்கள்.

"தூங்கவே தூங்காதன்னு யாராச்சும் சொன்னமா?" என்றாள் செல்லக்கனி. "நாலு யூனிட்டுக்குத் தூங்கு. நாலு பத்தாதா ஒருத்திக்கு? நாங்கள்லாம் தூங்குறமே, ஓசிலதான தூங்குறோம்."

முனீஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லிப் பாக்கேன்க்கா" என்றான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் யாரோ தூரத்துச் சொந்தம் என்பது போல.

குருவம்மா சந்தனமாரியைப் பார்த்தாள். அந்த லைனில் அவளுக்கு ஒட்டுதல் என்றால் அது சந்தனமாரிதான், வேலைக்குப் போகும்போது ரெண்டு இட்லி பொட்டலம் கட்டிக் கொடுப்பவள். "எம்புட்டுக்கா ஓடுது நெசமாவே?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு, தாயி. நானே எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றாள் குருவம்மா.

அன்றிலிருந்து அந்த லைனில் ஒரு முறை வந்தது. காலையில் குருவம்மா படுப்பாள், ஐந்து வீட்டு மெயினும் இறங்கும், ஒருத்தி மீட்டர் முன்னால் உட்காருவாள், நாலு ஓடியதும் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பாள், குருவம்மா எழுந்து வருவாள். எழுந்தவளைச் சும்மா உட்கார வைத்தால் கண் சொருகும், கண் சொருகினால் சக்கரம் நகரும், எனவே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் அவரவர் வெங்காயத்தை உரிக்கக் கொடுத்தார்கள், பிறகு அரிசியில் கல் பொறுக்க, பிறகு ஐந்து வீட்டுத் தண்ணீரும் பிடிக்க, பிறகு சந்தனமாரியின் உளுந்தைக் களைய, மாவை அள்ள, பொட்டலம் போட. நல்ல பிள்ளை, முகம் சுளிக்காமல் செய்தாள். அவள் செய்ய ஆரம்பித்த பிறகு செல்லக்கனிக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்தது, ரெண்டாம் வீட்டுக்காரிக்கும் கிடைத்தது, சந்தனமாரிக்கும் கிடைத்தது. தட்டு அடிக்கும் சத்தத்தை வைத்து மில் ரோட்டுக் கடைக்காரர்கள் நேரம் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து பில்லை எடுத்துக்கொண்டு வந்து, "இந்த ரெண்டு மாசத்துல அந்தப் பிள்ள எங்க பக்கம் எங்கிட்டாச்சும் படுத்துச்சா?" என்று விசாரித்தார்கள். பூசாரி வந்து கறுப்புக் கயிறு கட்டினார், கயிறு கட்டிய தூக்கமும் அதே கரண்டை இழுத்தது. திருநெல்வேலியில் இருந்த வீட்டுக்காரர் அழகிரி போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பகலில் தூங்குகிறவர்களுக்கு வாடகைக்கு வீடு இல்லை என்று வாசலில் போர்டு எழுதி மாட்டச் சொன்னார். மாட்டினார்கள்.

வைகாசியில் பில் வந்தது. ஆயிரத்து இருநூற்று அறுபது.

கோடை, மெயின் ஏறியிருந்த நேரமெல்லாம் ஐந்து வீட்டிலும் ஃபேன் நிற்கவில்லை, முகூர்த்த மாதம், சந்தனமாரியின் மாவு ரெட்டிப்பாகப் போனது, பெட்டி மூச்சுமுட்ட உறுமியது. ஆனால் அதையெல்லாம் யார் கணக்கில் எடுப்பார்கள், குற்றவாளிதான் ஏற்கெனவே கையில் இருக்கிறாளே. திருட்டுத்தனமாகத் தூங்குகிறாள் என்று முடிவானது. எங்கே தூங்குகிறாள் என்று யோசித்தார்கள், மில் பஸ்ஸில் தூங்குவாள் என்று பட்டது. வெளியே தூங்கினாலும் இங்கே ஓடுமா என்று பார்க்க, அவளைப் பிள்ளையார் கோயில் புளியமரத்தடிக்கு நடத்திக்கொண்டு போய்ப் படுக்கச் சொல்லிவிட்டுப் போன் போட்டுக் கேட்டார்கள், இங்கே மெயினெல்லாம் இறங்கியிருந்தும் சக்கரம் ஓடியது. எங்கே படுத்தாலும் இந்த மீட்டரில்தான் ஓடும் என்பது அப்போது தெரிந்தது. நாலு யூனிட் ரெண்டாயிற்று. மில் பஸ்ஸில் அவளோடு போகிற ஒருத்தியிடம், தலை சாய்ந்தால் கிள்ளிவிடு என்று சொல்லி வைத்தார்கள், அந்தப் பெண்ணும் மனசாரக் கிள்ளினாள், குருவம்மாவின் இடது முழங்கையிலிருந்து தோள் வரை நாவல்பழம் பழமாகக் கன்றிப்போயிருந்தது.

ஒருநாள் மாவு அள்ளும்போது குருவம்மா பின்னறையில் நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் அவள் எங்கோ இருந்தாள்.

"யக்கா, இது எப்பவாச்சும் தூங்குமா?" என்றாள்.

சந்தனமாரிக்குச் சுரீரென்றது. "மாவ அள்ளுடி" என்று எரிந்து விழுந்தாள். அன்று சாயந்திரம் இட்லிப் பொட்டலத்தில் ரெண்டுக்குப் பதில் நாலு வைத்துக் கொடுத்தாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு இட்லி ஏது.

ஆனி கடைசியில், விடிகிற நேரம், மெஷின் ஓரத்துப் பல்சக்கரத்தில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போன குருவம்மாவின் வலது கையை மெஷின் வாங்கிக்கொண்டது. ரெண்டு விரல் போயிற்று. நின்றுகொண்டே தூங்கினாள் என்று மில்லில் சொன்னார்கள். அந்த நேரத்தில் லைனில் மீட்டர் முன்னால் யாரும் இல்லை, மெயினையெல்லாம் இறக்கிவிட்டு யாராவது இருந்திருந்தால் சக்கரம் ஒரு இம்மி நகர்ந்து நின்றதைப் பார்த்திருக்கலாம்.

பெரியாஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டார்கள். முனீஸ் அங்கே போய்விட்டான். இங்கே லைனில் எல்லாரும் ஐயோ பாவம் என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள், செல்லக்கனி நிஜமாகவே தேம்பி அழுதாள், அழுதுகொண்டே மீட்டரை எட்டிப் பார்த்தவள், "ஓடுது யக்கா" என்றாள். சக்கரம் சுற்றியது. தட்டை அடித்து என்ன பிரயோசனம், ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர். எல்லார் வீட்டு மெயினையும் இறக்கிவிட்டு, புழுக்கத்தில் விசிறிக்கொண்டு, கையைக் கட்டி நின்று பார்த்தார்கள். ஊசி தெளிகிற வரை ஓடியது. சந்தனமாரி நோட்டில் தேதி போட்டு, ஆஸ்பத்திரி என்று எழுதி, எதிரே எட்டு என்று குறித்தாள்.

ஆடி பிறந்து ரீடிங் எடுக்கிறவர் வந்தார். புதுசாக மாறுதலாகி வந்தவர், வெயிலில் முகம் கறுத்துப்போயிருந்தது, குடிக்கத் தண்ணீர் கேட்டார். மற்ற பெண்கள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்கள். தண்ணீர் கொண்டு வந்த சந்தனமாரி, அவர் ஆணியில் தொங்கிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, தினம் பன்னெண்டு, நாலு, ரெண்டுன்னு?"

சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை, அவருக்கு எந்தக் காலத்திலும் எதற்கும் ஆச்சரியப்பட நேரமில்லை, இன்னும் நூற்று நாற்பது மீட்டர் பாக்கி இருந்தது. ஆனால் கணக்கைப் பார்த்ததும் சிரித்தார்.

"செவப்புக் கட்டத்தயும் சேத்துல்ல எழுதியிருக்கீங்க? அத நாங்க எடுக்கவே மாட்டோம்மா. அது புள்ளிக்கு அந்தாண்ட உள்ளது, பத்துல ஒரு பங்கு. இது பன்னெண்டு இல்ல, ஒண்ணே கால்கூட இல்ல. ஒரு ஃபேனும் ஒரு குண்டு பல்பும் போட்டுட்டு ஒருத்தர் தூங்குனா ஆகுமே, அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கீங்களே, அது ஒரு யூனிட்டே இல்ல."

சந்தனமாரி டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். இந்த நாலு மாதத்தில் குருவம்மா ஒருநாளும் ஃபேன் போட்டுத் தூங்கியதில்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்க்க மெயினை இறக்கியே வைத்திருந்தார்கள்.

"அப்ப இம்புட்டு எப்படி சார் வருது?" என்று கேட்டாள்.

அவர் காதைத் தீட்டினார். முதல் வீட்டுப் பின்னறையிலிருந்து உறுமல் வந்துகொண்டிருந்தது. "அந்தப் பெட்டி யாருது? வந்ததுலேர்ந்து நிக்கவே இல்லையே. ரப்பர் போயிருக்கும், மாத்தச் சொல்லுங்க" என்றவர், அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எழுதியது ஆயிரத்து முந்நூறு.

அட்டையை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவள் வெயிலில் நின்றாள். நோட்டு முழுக்க அவள் கையெழுத்து. ரேஷன் கடையிலிருந்து பெண்கள் திரும்பி வருகிற பேச்சு ரோட்டில் கேட்டது. சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் பெட்டி போகும், மாவு போகும், மகள் வந்து நிற்பாள், அதற்கும் மேலே ரெண்டு விரல் யார் கணக்கில் ஏறும் என்று எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் வீட்டு வாசலில் குருவம்மா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் செல்லக்கனி வீட்டுப் பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். ரீடிங்காரர் பேசியது அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்காது.

"யக்கா" என்று கூப்பிட்டாள். "ஊசி போட்டப்ப ரொம்ப ஓடிருச்சாமே. எம்புட்டு?"

பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். செல்லக்கனி பையை இறக்கி வைத்துவிட்டு அட்டையை எட்டிப் பார்த்து, "ஆயிரத்து முந்நூறா!" என்று தலையில் கை வைத்தாள். எல்லாரும் சந்தனமாரியின் வாயைப் பார்த்தார்கள்.

"எட்டு" என்றாள் சந்தனமாரி.

குருவம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வேணாம்னுதான்க்கா சொன்னேன், கேக்காமப் போட்டுட்டாக. மன்னிச்சிருங்க எல்லாரும்."

"சரி விடு. இனிமே பாத்துக்க" என்று சொல்லி, சந்தனமாரி நோட்டைப் பழையபடி ஆணியில் மாட்டினாள். நூல் முறுக்கிக்கொண்டிருந்தது, அதையும் நேராக்கிவிட்டாள்.

அப்புறம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டிமேல் சேலை விலகியிருந்தது, இழுத்துப் போர்த்தினாள். ஃபேனைப் போட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள், ஆனால் உடம்பு யாரிடம் கேட்கிறது, பெட்டியின் உறுமல் கேட்டுக் கேட்டுப் பழகியது, இமை கனத்தது. வெளியே சக்கரம் பறந்துகொண்டிருந்தது, அதைப் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முற்றத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடின. தூக்கத்தில் விழுகிற கடைசி நொடியில் சந்தனமாரிக்குக் குருவம்மாவின் தணிந்த குரல் கேட்டது.

"சத்தம் போடாதீக பிள்ளைகளா. யக்கா தூங்குறாக."